பெயர் சூட்டலும் ஏவற் கருவிகளும்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டில் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒரு மரப்பெட்டி பேசுவதைக் கேட்பதற்காக அந்நாளில் தெருவே திரண்டு நின்றது என்று மூத்தோர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். பெட்டி பேசியது; மாந்தர் கேட்டனர். இன்று நிலை தலைகீழாயிற்று. மாந்தர் பேசுகின்றனர், பெட்டி கேட்கிறது. "விளக்கைப் போடு" என்றால் விளக்கு எரிகிறது. "விசிறியை நிறுத்து" என்றால் விசிறி நிற்கிறது. குரலால் ஏவப்படும் இத்தகைய கருவிகள் நம் திருச்சியிலும் திருவரங்கத்திலும் பல இல்லங்களில் இடம்பெற்றுவிட்டன. குறிப்பாக, பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் உள்ளூரிலும் வாழும் வீடுகளில் இவை அன்பின் அடையாளமாகவே வந்து சேர்கின்றன.

ஆயினும், ஏவல் கேட்கும் கருவி எல்லாவேளையும் ஏவியவாறு நடப்பதில்லை. அதற்குக் காரணம் கருவியின் குறை மட்டுமே என்று நாம் கருதிவிடுகிறோம். உண்மையில் பிழை பெரும்பாலும் நாம் சூட்டும் பெயரில் இருக்கிறது. ஒரு விளக்கிற்கு எவ்வாறு பெயரிடவேண்டும் என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் பெயர் என்றால் என்ன, அஃது எவருக்காக வைக்கப்படுகிறது என்னும் பெரிய வினாவின் உள்ளே அஃது அடங்கியிருக்கிறது. தமிழிலக்கணம் கற்போர்க்கு இவ்வினா புதியதன்று. எனவே இதனைத் தமிழ்த்துறை மலரில் ஆராய்வது பொருத்தமே எனக் கருதுகிறோம்.

ஓர் இரவில் நிகழ்ந்தது

திருவரங்கத்தில் பழைய வீடொன்றில் தனியே வாழும் அம்மையார் ஒருவரை நாம் நன்கறிவோம். பள்ளியொன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அகவை எண்பதை நெருங்குகிறது. மூட்டுவலியால் எழுந்து நடப்பது அரிதாயிற்று. சிங்கப்பூரில் பணியாற்றும் அவர்தம் மகன் விடுமுறையில் வந்தபோது வீடு முழுவதும் குரலுக்கு இணங்கும் விளக்குகளையும் விசிறிகளையும் பொருத்திச் சென்றார். ஒவ்வொன்றற்கும் பெயரும் இட்டார். 'பெட்ரூம் லைட் ஒன்று', 'பெட்ரூம் லைட் இரண்டு', 'ஹால் லைட்', 'ஹால் ஃபேன்' என்றவாறு அப்பெயர்கள் அமைந்தன. அவருக்கு அவை எளியவை. அவர்தம் திறன்பேசியில் வரிசையாக நின்றவை.

ஒருநாள் இரவு இரண்டு மணியளவில் அம்மையார் விழித்துக்கொண்டார். "அறை விளக்கைப் போடு" என்றார். பெட்டி ஆங்கிலத்தில் ஏதோ விடை கூறியது. மறுபடியும் சொன்னார், மறுபடியும் அதே விடை. மகன் வைத்த பெயர் நினைவுக்கு வரவில்லை. வந்தபோதும் ஒன்றா இரண்டா என்னும் ஐயம் எழுந்தது. இறுதியில் இருளிலேயே சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். நிலைப்படியில் கால் இடறிற்று. நற்பேறாக எலும்பு முறியவில்லை. ஆனால் வீக்கம் வடிய நாள் பல ஆயின.

நாம் காணச் சென்றபோது அவர் வருத்தத்தினும் நகைச்சுவையே மிகுந்து பேசினார்: "முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு ல, ள, ழ சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தப் பெட்டியிடம் தோற்றுப்போய்விட்டேன், தம்பி."

இச்சொற்களே இக்கட்டுரைக்குக் காரணமாயின. மொழியைப் பழுதறக் கற்றவர், தம் சொந்த வீட்டில், தம் சொந்தச் சொல்லால் ஒரு விளக்கை ஏற்ற இயலாது போனது ஏன்? இதற்கு விடை காணவேண்டுமாயின், கருவி கேட்கும் வகையை முதற்கண் அறிந்துகொள்ள வேண்டும்.

கருவி கேட்கும் வகை

கருவியின் செவி எந்நேரமும் ஒரேயொரு சொல்லுக்காகவே காத்திருக்கிறது. அதனை 'விழிப்புச்சொல்' எனலாம். அமேசான் நிறுவனத்தின் கருவிக்கு 'அலெக்சா' என்பதும், கூகுள் நிறுவனத்தின் கருவிக்கு 'ஹே கூகுள்' என்பதும் அத்தகைய சொற்கள். இச்சொல் காதில் விழுந்த பின்னரே கருவி விழித்து, அடுத்து வரும் பேச்சைக் கூர்ந்து கேட்கத் தொடங்குகிறது.

பின்னர் மூன்று படிகள் நிகழ்கின்றன. முதலாவது, ஒலியை எழுத்தாக்குதல். நாம் எழுப்பிய ஒலியலை எந்தச் சொல்லாக இருக்கக்கூடும் என்று கணினி ஊகித்து எழுதிக்கொள்கிறது. இரண்டாவது, கருத்தைப் பிரித்தல். எழுதிய தொடரில் ஏவல் யாது, ஏவப்படும் பொருள் யாது என்று அது பகுத்துப் பார்க்கிறது. மூன்றாவது, பெயரைப் பொருத்துதல். அப்பொருளின் பெயரை, அவ்வீட்டுக் கருவிகளின் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு பெயர் மட்டுமே பொருந்தினால் ஏவல் நிறைவேறும். எதுவும் பொருந்தவில்லையாயின் 'அப்பெயருடைய கருவி இல்லை' என்னும் விடை வரும். இரண்டு மூன்று பெயர்கள் ஏறத்தாழப் பொருந்தினால் 'எதனைக் குறித்தீர்?' என்று வினவும். அல்லது தவறான ஒன்றை இயக்கிவிடும்.

இம்மூன்று படிகளுள் முதலிரண்டும் நிறுவனத்தாரின் கையில் உள்ளன. மூன்றாவது படியிலுள்ள பெயர்ப்பட்டியல் நம் கையில் உள்ளது. எனவே பெயரைத் திருத்துவதே நம்மால் செய்யத்தக்க திருத்தமாகும்.

இலக்கணம் கூறும் நெறி

தொல்காப்பியச் சொல்லதிகாரம் 'பலபொருள் ஒருசொல்' பற்றிப் பேசுகிறது. ஒரு சொல் பல பொருளைக் குறிக்குமாயின், கேட்போர் அதனை எவ்வாறு தெளிவர் என்பதே அங்குள்ள ஆராய்ச்சி. 'மா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். பூத்தது என்னும் வினையோடு வந்தால் மரம் என்று தெளிகிறோம். ஓடியது என்னும் வினையோடு வந்தால் விலங்கு என்று தெளிகிறோம். வீழ்ந்தது என்னும் வினையோடு வந்தாலோ ஐயம் நீங்குவதில்லை. மரமும் வீழும், விலங்கும் வீழும். அத்தகைய இடத்தில் மாமரம் எனக் கிளந்து கூறுதல் வேண்டும். முன்னதை வினைவேறுபடும் பலபொருள் ஒருசொல் என்றும், பின்னதை வினைவேறுபடாப் பலபொருள் ஒருசொல் என்றும் இலக்கணத்தார் வழங்குவர்.

இந்நெறி நம் வீட்டுக் கருவிகளுக்கு அப்படியே பொருந்துவது வியப்புக்குரியது. 'முன்னறை' என்று பெயரிட்ட ஒரு விளக்கும், அதே பெயருடைய ஒரு திரைச்சீலையும் இருப்பதாகக் கொள்வோம். 'திற' என்னும் ஏவல் வந்தால் அது திரைச்சீலையையே சுட்டும் எனலாம். விளக்கைத் திறப்பார் இலர். ஆனால் 'போடு' என்னும் ஏவல் விளக்குக்கும் விசிறிக்கும் நீரேற்றும் மோட்டாருக்கும் பொதுவானது. ஆங்கே வினை நமக்குத் துணை செய்யாது. பெயரே வேறுபாட்டைச் சுமக்கவேண்டும். ஆகவே, ஒரே ஏவலை ஏற்கும் கருவிகளுக்கு ஒத்த பெயர் வைத்தலாகாது என்பது முதல் விதியாகிறது.

பவணந்தியாரின் நன்னூல் பெயர்களைப் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் எனவும், இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனவும் பகுக்கிறது. மரம் பொது, பனை சிறப்பு. அதுபோல 'விளக்கு' பொது. 'கட்டில் விளக்கு' சிறப்பு. அம்மையார் இல்லத்தில் 'பெட்ரூம் லைட்' என்னும் பொதுப்பெயரே இரு கருவிகளுக்கும் நின்றது. ஒன்று, இரண்டு என்னும் எண் மட்டுமே அவற்றைப் பிரித்தது. எண்ணோ இடுகுறி, எந்த விளக்கு ஒன்று, எந்த விளக்கு இரண்டு என்பதற்கு அவ்விளக்குகளிடத்தில் யாதொரு காரணமும் இல்லை. பகலிலும் மறக்கக்கூடிய அவ்வெண்ணை நள்ளிரவில் நினைவுகூர்வது எங்ஙனம்? கட்டிலருகே இருப்பது கட்டில் விளக்கு என்றால், காரணமே பெயரை நினைவூட்டும். கருவிக்குக் காரணப்பெயரே ஏற்றது என்பது இரண்டாம் விதி.

வீதிகள் கற்பிக்கும் பாடம்

இவ்விரு விதிகளுக்கும் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. அவ்வம்மையாரின் வாசலில் நின்று பார்த்தாலே போதும். திருவரங்கம் ஏழு சுற்றுகளை உடைய கோயில்நகர். அதன் வெளிச்சுற்றுகளில் மக்கள் வாழும் வீதிகள் அமைந்துள்ளன. உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி என்பன சுற்றின் பெயர்கள். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பக்கம் இருப்பதால் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்னும் திசைச்சொல் முன்னே சேர்கிறது. கீழச் சித்திரை வீதி என்றால் அஃது ஓரிடமே. மேல உத்திர வீதி என்றால் அதுவும் ஓரிடமே. வெறுமனே 'சித்திரை வீதி' என்று கூறினால் ஆட்டோ ஓட்டுநர் "எந்தப் பக்கம்?" என்று உடனே கேட்பார். பொதுப்பெயர் பின்னே நிற்க, வேறுபடுத்தும் சொல் முன்னே நிற்கிறது. அவ்வேறுபடுத்தும் சொற்கள் நான்கும் ஒன்றற்கொன்று ஒலியால் தெளிவாக விலகி நிற்கின்றன. பெயரிடும் முறைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு காண்பது அரிது.

இதற்கு மறுதலையான சான்றும் ஆற்றின் தென்கரையிலேயே உள்ளது. திருச்சிராப்பள்ளி சந்திப்பு, திருச்சிராப்பள்ளி கோட்டை, திருச்சிராப்பள்ளி டவுன், திருச்சிராப்பள்ளி பாலக்கரை என இருப்பூர்தி நிலையங்கள் நான்கு ஒரே சொல்லால் தொடங்குகின்றன. வேறுபடுத்தும் சொல் இறுதியில்தான் வருகிறது. ஊருக்குப் புதியவர் "திருச்சியில் இறங்குகிறேன்" என்று சொல்லிவிட்டு, எந்த நிலையம் என்று சொல்ல மறந்தால், அழைத்துவரச் செல்பவர் ஒரு நிலையத்திலும் வந்தவர் மற்றொரு நிலையத்திலும் நிற்க நேரும். அதே ஊரில் 'பொன்மலை' என்றொரு நிலையமும் இருக்கிறது. அதனை எவரும் பிறிதொன்றாக மயங்குவதில்லை. 'பெட்ரூம் லைட் ஒன்று', 'பெட்ரூம் லைட் இரண்டு' என்பன முன்னவை போன்றவை. 'கட்டில்', 'அலமாரி' என்பன பொன்மலை போன்றவை.

ஒலி மயக்கம்

பெயர் பொருளால் வேறுபட்டால் மட்டும் போதாது, ஒலியாலும் வேறுபடவேண்டும். வானூர்தித் துறையினர் இதனை நெடுநாள் முன்னரே உணர்ந்தனர். ஆங்கிலத்தில் பி, டி, சி முதலிய எழுத்துப் பெயர்கள் இரைச்சலிடையே ஒன்றுபோல் ஒலிக்கும். ஆகவே ஒவ்வோர் எழுத்திற்கும் மயக்கந் தராத ஒரு சொல்லைப் பல மொழியினரின் வாயிலும் செவியிலும் சோதித்துத் தேர்ந்தனர். அவ்வரிசை 1956ஆம் ஆண்டில் உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. நம் திருச்சி வானூர்தி நிலையத்தின் மூவெழுத்துக் குறியை அம்முறையில் 'டேங்கோ, ரோமியோ, ஜூலு' என்று சொல்வர். ஒரு விளக்கின் பெயரும் அவ்வாறே விசிறியின் இரைச்சலையும் தொலைக்காட்சியின் ஒலியையும் கடந்து செல்லவேண்டியதாகும்.

தமிழில் இவ்வொலி மயக்கம் தனித்தன்மை உடையது. எழுத்தில் லகரமும் ளகரமும் வேறு. ரகரமும் றகரமும் வேறு. பேச்சிலோ பலர் நாவில் அவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. 'விளக்கு' என்பது ஒளிதரும் பொருள். 'விலக்கு' என்பது நீக்கு என்னும் ஏவல். 'அறை' தங்குமிடம், 'அரை' பாதி. நீண்ட தொடரில் வந்தால் முன்பின் சொற்களைக் கொண்டு கணினி சரியானதை ஊகித்துக்கொள்ளும். தனிச்சொல்லாக வந்தால் ஊகத்திற்கு இடமேது? அம்மையார் ளகரத்தைத் திருத்தமாகவே ஒலித்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர்தம் பெட்டி ஆங்கிலம் மட்டுமே கேட்கப் பழக்கப்பட்டது. ளகரம் என்றோர் ஒலி உண்டு என்பதையே அஃது அறியாது.

பிற மயக்கங்களும் உள. 'பல்பு', 'பம்பு' என்னும் இரண்டும் விரைந்த பேச்சில் நெருங்கி ஒலிக்கும். பல்பை நிறுத்தச் சொல்லப் பம்பு நின்றால் கேடில்லை. பல்பைப் போடச் சொல்லப் பம்பு ஓடத் தொடங்கினால் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும். நீரில்லாக் கிணற்றில் மோட்டார் எரிந்தும் போகும். ஆகவே நீரேற்றும் பொறிக்கு 'மோட்டார்' என்ற பெயரே பாதுகாப்பானது. 'முன்விளக்கு', 'பின்விளக்கு' என்பனவும் முதலெழுத்தில் மட்டுமே பெரிதும் வேறுபடுவன. 'வாசல்', 'கொல்லை' என்றால் ஐயமில்லை. 'ஃபேன்' என்பதில் ஆய்தம் மறைந்தால் தலையிலூரும் 'பேன்' மிஞ்சும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. பிறமொழி ஒலிகளைத் தமிழெழுத்தில் குறிக்க முயன்றோர் எல்லாரும் இவ்விடர்ப்பாட்டைக் கண்டவர்களே. தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோரும், அவ்வெழுத்தில் இல்லாத தமிழொலிகளுக்கெனப் புதிய குறிகளைப் படைத்துக்கொள்ள நேர்ந்தது. ஒரு மொழியின் ஒலி மற்றொரு மொழியின் செவியில் புகும்போது பாலம் ஒன்று தேவைப்படுகிறது. பெயரைத் தேர்ந்து வைப்பதே ஈண்டு அப்பாலம்.

உருபேற்கும் பெயர்கள்

தமிழிலேயே ஏவும்போது மற்றுமொரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் பெயர் எவ்விடத்தும் தன் வடிவை மாற்றுவதில்லை. தமிழ்ப்பெயரோ வேற்றுமை உருபை ஏற்கையில் உருமாறும். 'கூடம்' என்பது 'கூடத்து விளக்கு' ஆகும். 'முற்றம்' என்பது 'முற்றத்தை' ஆகும். 'கிணறு' என்பது 'கிணற்றை' ஆகும். 'வீடு' என்பது 'வீட்டை' ஆகும். பட்டியலில் 'கூடம்' என்றிருக்க, வாயில் 'கூடத்து' என்று வந்தால் இரண்டும் ஒன்றென உணரும் திறம் கருவிக்கு வேண்டும். எல்லாக் கருவிக்கும் அத்திறம் வாய்க்கவில்லை.

மாறாக, 'திண்ணை' என்பது திண்ணையை, திண்ணையில் என்றாகும்போதும் தன் முழுவடிவை இழப்பதில்லை. 'ரேழி', 'வாசல்', 'கொல்லை', 'சமையலறை' என்பனவும் அத்தகையனவே. நம் பழைய வீடுகளின் உறுப்புப்பெயர்கள் பல இவ்வாறு கருவிக்கு ஏற்றனவாக அமைந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. மறைந்துவரும் இச்சொற்கள் புதிய கருவியின் வாயிலாக மீண்டும் நாள்தோறும் ஒலிக்குமாயின் அதுவும் ஒரு நன்மையே.

ஏவல்வினையிலும் கருத்து வேண்டும். 'அணை' என்னும் சொல் விளக்கை அவித்தலையும் குறிக்கும், தழுவுதலையும் குறிக்கும், பெயராக நின்று நம் கல்லணையையும் குறிக்கும். அன்றியும், விளக்கை 'அணை' என்று வாய்விட்டுக் கூறுவதை விரும்பாத மூத்தோர் பலர். 'அமர்த்து' என்பர், 'குளிரவை' என்பர், 'மலையேற்று' என்பாரும் உளர். கருவியைச் செய்தோர் இவ்வழக்கினை அறிந்திருப்பர் என்று எதிர்பார்க்க இயலாது. எந்த ஏவலைக் கருவி அறியும் என்பதை முதலில் சோதித்துக்கொண்டு, அதனை மூத்தோர்க்குப் பழக்கப்படுத்துதல் வேண்டும். பல கருவிகளில், நாம் விரும்பும் தொடர் ஒன்றைப் பதிந்துவைத்து, அத்தொடரைச் சொன்னால் இன்ன செயல் நிகழவேண்டும் என்று அமைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

தமிழ் எவ்வளவு கேட்கிறது?

குரலை எழுத்தாக்கும் கூகுளின் வசதி 2017ஆம் ஆண்டில் தமிழுக்கும் விரிந்தது. அதே ஆண்டில் அலெக்சாக் கருவி இந்திய ஆங்கிலத்தோடு நம் நாட்டிற்கு வந்தது. 2019இல் இந்தியும் கேட்கத் தொடங்கியது. கூகுளின் ஜெமினி உரையாடல் வசதி 2024இல் தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளுக்கு விரிவுபெற்றது. ஆயினும் திறன்பேசியில் தமிழ் கேட்பது வேறு. வீட்டின் மூலையில் வீற்றிருக்கும் ஒலிபெருக்கி தமிழ் கேட்பது வேறு. ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டும் கேட்குமாறு அமைக்கப்பட்ட கருவிகள் பல இல்லங்களில் இன்றும் இயங்குகின்றன.

அத்தகைய கருவியுள்ள வீட்டினர் ஓர் எளிய உத்தியைக் கையாளலாம். கருவியின் செயலியில், நாம் பேசியதை அஃது எவ்வாறு எழுதிக்கொண்டது என்று காட்டும் பகுதி உண்டு. வீட்டு மூத்தவரை 'திண்ணை' என்று சிலமுறை சொல்லச்செய்து, கருவி அதனை எந்த எழுத்துகளால் எழுதிக்கொள்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வடிவம் வருமாயின், அவ்வடிவத்தையே கருவியின் பெயராகத் தட்டச்சு செய்துவிடலாம். பொருளற்ற ஆங்கிலச் சொல்லாக அது தோன்றினும் கவலையில்லை; ஏவுபவர் வாயில் அது திண்ணையே. முறைக்கொரு வடிவமாக வருமாயின், அச்சொல்லை விட்டு வேறொன்றைத் தேர்க.

கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும்

இதுவரை கூறியவற்றோடு, நடைமுறையில் கண்ட சிலவற்றையும் சேர்த்து ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

1. ஒரு பெயர் ஒரு கருவிக்கே உரியதாகுக. ஒரு பெயர் மற்றொன்றின் பகுதியாக அமைதலும் ஆகாது. 'மாடி' என ஒன்றும் 'மாடிப்படி' என ஒன்றும் இருந்தால் குழப்பம் நேரும்.

2. பெயர் ஓரிரு சொற்களுக்கு மேற்படலாகாது. நான்கு சொற்களால் ஆன பெயரை நடுவில் மூச்சு வாங்காமல் முதியோர் சொல்லுதல் அரிது. சற்று நிறுத்தினால் கருவி பேச்சு முடிந்ததாகக் கருதிவிடும்.

3. மிகச் சிறிய பெயரும் ஏற்றதன்று. ஓரசைச் சொல் இரைச்சலில் கரைந்துபோகும். இரண்டு மூன்று அசைகள் உடையது நன்று.

4. எண்ணால் வேறுபடுத்தற்க, இடத்தாலோ பக்கத்திலுள்ள பொருளாலோ வேறுபடுத்துக.

5. அறைவாரியாகக் கருவிகளைத் தொகுத்துவைக்கும் வசதியைப் பயன்படுத்துக. பெட்டி எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறைத் தொகுதியில் அதனையும் சேர்த்துவிட்டால், 'விளக்கு' என்னும் பொதுப்பெயரே அவ்வறையின் விளக்குகளைச் சுட்டும். பொதுப்பெயருக்கும் ஓரிடம் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

6. வீட்டினர் பெயரையும் விழிப்புச்சொல்லையும் கருவிகளுக்கு இடாதீர். அமெரிக்க நாட்டில் 'அலெக்சா' என்னும் பெயருடைய சிறுமியர் ஏளனத்திற்கு ஆளாயினர்; அப்பெயரைக் குழந்தைகளுக்கு இடுவதும் அங்குப் பெரிதும் குறைந்துபோயிற்று. ஏவலுக்குரிய பெயரும் அன்பிற்குரிய பெயரும் ஒன்றாதல் நன்றன்று.

7. கருவியைச் செய்த நிறுவனத்தின் செயலியிலும், குரல் கேட்கும் பெட்டியின் செயலியிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்க. ஓரிடத்தில் மாற்றிய பெயர் மற்றோரிடத்தில் மாறாமலே இருந்துவிடுவதுண்டு.

8. இவை எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று. பெயரைத் தேர்பவர் கருவியைப் பொருத்துபவராக இருத்தலாகாது. எவர் அதிகம் அழைப்பாரோ, எவர்க்கு அழைப்பது இன்றியமையாததோ, அவரே பெயரைத் தேர்தல் வேண்டும்.

மீண்டும் அவ்வில்லம்

அம்மையாரின் மகனோடு பேசி, அவர் இசைவு பெற்று, நாமும் நம் மாணவர் இருவரும் ஒரு மாலைப்பொழுது அவ்வில்லத்தில் அமர்ந்தோம். பழைய பெயர்களை அழித்தோம். "இந்த விளக்கை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள், அம்மா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். "கட்டில் விளக்கு", "திண்ணை விளக்கு", "கொல்லை விளக்கு" என்று தடையின்றிச் சொன்னார். அவர் நாவில் அப்பெயர்கள் ஏற்கெனவே இருந்தன, கேட்பாரில்லாமல் இருந்தன. 'கூடம்' என்பதைப் பெட்டி பலமுறை தவறாகவே எழுதிக்கொண்டது. சற்று எண்ணியபின் அம்மையாரே, "அங்கேதான் ஊஞ்சல் இருக்கிறதே, ஊஞ்சல் என்று வையுங்கள்" என்றார். அப்பெயர் பிழையின்றிப் பதிந்தது. மாணவர்க்கு அது காரணப்பெயர் பற்றிய மறக்கவொண்ணாப் பாடமாயிற்று.

மற்றொன்றையும் செய்தோம். மின்சாரம் நின்றாலும் இணையம் அறுந்தாலும் பெட்டி செவிடாகிவிடும். ஆகவே கட்டிலில் படுத்தவாறே கைக்கெட்டும் இடத்தில் சாதாரணச் சுவிட்சு ஒன்றையும், தலையணையருகே கைவிளக்கு ஒன்றையும் வைத்தோம். எத்துணை நல்ல பெயராயினும் அது சுவிட்சுக்கு ஈடாகாத வேளைகள் உண்டு. பேசும்போது பிறர் கேளாதிருக்க விரும்பினால் பெட்டியின் ஒலிவாங்கியை அடைக்கும் பொத்தான் எதுவென்பதையும் அவர்க்குக் காட்டினோம்.

சில வாரங்கள் கழித்துச் சென்றபோது, "இப்போது அது என் வகுப்பில் உட்கார்ந்துவிட்டது" என்றார் அம்மையார்.

நிறைவுரை

ஓர் இல்லத்தின் இடரை ஒரு மாலையில் தீர்க்கலாம். ஆனால் ளகரமும் ழகரமும் அறியாத கருவிகள் பெருகிவருவது தனியொருவர் தீர்க்கும் இடரன்று. கணினி எந்தக் குரல்களைக் கேட்டுப் பழகியதோ அந்தக் குரல்களையே நன்கு உணரும். நகரத்து இளைஞரின் குரலை மட்டும் கேட்டுப் பழகிய கருவி, எழுபதைக் கடந்தோரின் தளர்ந்த குரலையும், நம் சிற்றூர்ப் பெண்டிரின் வழக்கையும் எங்ஙனம் அறியும்? பொதுமக்கள் தம் குரலைப் பதிந்து வழங்குவதற்கெனச் சில பொதுத்திட்டங்கள் உள்ளன. மோசில்லா நிறுவனத்தார் 2017இல் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழும் இடம்பெற்றிருக்கிறது. நடுவணரசு 2022இல் தொடங்கிவைத்த 'பாஷிணி'யிலும் குரற்கொடை அளிக்க வழியுண்டு. தமிழ் பயிலும் மாணவர்கள் தாமும் குரல் வழங்கி, தம் பாட்டன்மாரையும் பாட்டிமாரையும் இசைவு பெற்று வழங்கச்செய்வது காலத்திற்கேற்ற தமிழ்த்தொண்டாகும்.

அதுவரை ஒவ்வோர் இல்லத்திலும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. விடுமுறையில் வீடு செல்லும் மாணவர்கள், தம் பெற்றோரின் கருவிகளுக்கு வைத்த பெயர்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். அவை யாருடைய சொற்கள் என்று கேளுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரின் அருகில் அமர்ந்து, "இதனை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்?" என்று வினவுங்கள். அவர் சொல்லும் சொல்லே அக்கருவியின் பெயராகட்டும்.